முதியோர் இல்லத்தில் அம்மாவைப் பார்க்க விடலையா? இங்கிலாந்து விதி சொல்வது என்ன?

கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பலர், பிள்ளைகள் முகத்தைக்கூட நேரில் பார்க்காமலேயே இறந்துபோனார்கள். அந்த வேதனைக்குப் பிறகு வந்ததுதான் ‘9ஏ’ விதி. 2024 ஏப்ரல் 6 முதல் அமலில் இருக்கிறது.

என்னென்ன உரிமைகள்?

* இல்லத்தில் இருப்பவர், தான் விரும்பும் உறவினர், நண்பர்களை அங்கேயே சந்திக்கலாம்.
* அவர்களைப் பார்க்க வெளியே போய்வருவதையும் இல்லம் தடுக்கக் கூடாது.
* மருத்துவமனைக்குப் போனால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம்.

எப்போது மறுக்கலாம்?

மிக விதிவிலக்கான சூழலில் மட்டுமே.

முடிவு யாருடையது?

அங்கே வசிப்பவருடையது. அவர் வேண்டாம் என்றால், பெற்ற பிள்ளையே வந்து நின்றாலும் கட்டாயப்படுத்த முடியாது.

மறுத்தால்?

முதலில் இல்ல நிர்வாகத்திடம் புகார் கொடுக்க வேண்டும். தீராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விதியை மீறும் இல்லங்கள் மீது கண்காணிப்பு ஆணையமான சி.க்யூ.சி. நடவடிக்கை எடுக்கலாம்.