ஒரு சக்கரம் சுழல, மறு சக்கரம் நிற்க

மழை பெய்த மறுநாள், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் குலை ஏற்றிய லாரி புதைந்து நிற்கும் காட்சி செலண்டார் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஓட்டுநர் எண்ணெயை அழுத்துகின்றார். பின் சக்கரங்களுள் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழல்கின்றது. கெட்டித் தரையில் நிற்கும் மற்றொன்றோ அசைவதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் செம்பனை மட்டைகளை இழுத்து வந்து, சுழலும் சக்கரத்தின் அடியில் திணிக்கின்றனர். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் ஏன் வண்டியைத் தள்ளவில்லை என்ற வினாவுக்கு விடை, பின் அச்சின் நடுவே பானைபோல் புடைத்திருக்கும் உறைக்குள் இருக்கின்றது. பழைய கரோலா ஒன்றை வாங்கி விரைவு வண்டியாக்க விழையும் இளைஞர், தம் பணத்தை எதில் இடுவது என்று அறிவதற்கும் அந்த விடையே வேண்டும்.

பின் சக்கரங்கள் இரண்டும் 1.3 மீட்டர் இடைவெளியில் அமைந்த ஒரு வண்டி முழுவட்டம் ஒன்று அடித்தால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடியாக வேண்டும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் இந்த வேறுபாடு மாறாது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், ஒன்று தரையில் தேய்ந்தே தீரும். இதனைத் தவிர்க்கவே டிஃபரன்ஷியல் தோன்றிற்று. நீராவி வண்டிக்காக இதனை அமைத்து, 1820களின் இறுதியில் காப்புரிமை பெற்றவர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர்.

இவ்வமைப்பு சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகின்றது. ஆனால் திருப்பு விசையை இரண்டுக்கும் சரிபாதியாகவே பகிர்கின்றது. சேற்றில் வழுக்கும் சக்கரம் சிறிதளவு விசையையே ஏற்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்பதற்கும் அச்சிறிதளவே கிடைக்கும். மட்டையைத் திணிப்பதன் பயன் இப்போது விளங்கும்: வழுக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏற ஏற, மறு சக்கரத்துக்கும் விசை ஏறுகின்றது. பள்ளிக்கூடம் சென்றறியாத தோட்டத் தொழிலாளியும் இந்த இயக்கவியலைக் கையால் கற்று வைத்திருக்கின்றார்.

பந்தய வண்டிக்குச் சேறு வேண்டியதில்லை. வளைவில் உட்பக்கச் சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைகின்றது. எண்ணெயை அழுத்தினால் அது புகை கக்கிச் சுழலும், வண்டி முன்னேறாது. 1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளுக்கு இக்குறை பெருந்தொல்லை ஆயிற்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே, பல்சக்கரம் செய்வதில் பேர்பெற்ற இசட்.எஃப். நிறுவனத்தைக் கொண்டு, வழுக்கலை ஓரளவுக்குமேல் அனுமதியாத டிஃபரன்ஷியலைச் செய்வித்தார். பட்டறைகளில் எல்.எஸ்.டி. என வழங்குவது இதுவே.

மலேசிய இளைஞர்கள் இதற்கெனத் தேடும் வண்டிகளுள் முதன்மையானது, பின் சக்கரங்களால் இயங்கும் பழைய டொயோட்டா கரோலா கே.இ.70. (புரோட்டோன் சாகா முன் சக்கரங்களால் இயங்குவது, அதில் டிஃபரன்ஷியல் கியர் பெட்டியோடு சேர்ந்திருப்பதால், பின் அச்சைப் பற்றிய பேச்சு அதற்குப் பொருந்தாது.) கே.இ.70இன் சிறிய எஞ்சினை எடுத்துவிட்டு, அதன் தம்பியான ஏ.இ.86இன் 1.6 லிட்டர் எஞ்சினைப் பொருத்துவது வழக்கம். பின் அச்சைப் பற்றிய நினைவு அதன் பிறகே வருகின்றது; வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

எல்.எஸ்.டி.யில் இருவகை கருதத்தக்கன. தட்டுக்களை அடுக்கிய வகை, எண்ணெயை அழுத்துந்தோறும் தட்டுக்களை நெருக்கிப் பிடிக்கின்றது. ஒரு சக்கரம் தரையைவிட்டு எழுந்தாலும் மறு சக்கரத்துக்கு விசை செல்லும். ஆனால் தட்டுக்கள் தேயும், மெதுவாகத் திரும்புகையில் கடகடவென ஓசை எழும், அதற்கென்று உள்ள எண்ணெயைக் காலந்தவறாது மாற்றவேண்டும். திருகுப் பல்சக்கர வகையில் தேயும் தட்டுக்கள் இல்லை, ஓசையும் இல்லை. வழுக்கும் சக்கரம் தாங்கும் விசையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு மற்றதற்கு அளிக்கும். எனினும் சுழியத்தை எத்தனையால் பெருக்கினும் சுழியமே! சக்கரம் முற்றிலும் எழுந்துவிட்டால் அது கைவிட்டுவிடும். அன்றாடம் சாலையிலும் எப்போதாவது பந்தயத் தடத்திலும் ஓடும் வண்டிக்குப் பல்சக்கர வகையே ஏற்றது. தடத்துக்கென்றே வைத்திருப்பவர் தட்டு வகையை நாடலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு; காசில்லாதவர் வழி. உள்ளிருக்கும் சிறு பல்சக்கரங்களைப் பற்றவைத்துப் பூட்டிவிடுகின்றனர். செலவு மிகக் குறைவு. ஆனால் சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றது சுழலாமல் தரையைப் பற்றி, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் போகாமல் காக்கின்றது. பூட்டிய அச்சில் இரண்டும் ஒருங்கே வழுக்கும், அக்காவல் அற்றுப்போகும். மாலை மழையில் நனைந்த வளைவில், எதிரே மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து வருபவர் இருக்கும் சாலையில், இது சேமித்த வெள்ளிக்கு ஈடாகாது.

எந்த எல்.எஸ்.டி. ஆனாலும் உறையையும் தண்டுகளையும் மறந்து வாங்குதல் வீண். கணக்கு எளியது. ஏ.இ.86 எஞ்சினின் திருப்பு விசை ஏறத்தாழ 15 கிலோகிராம்-மீட்டர். முதல் கியர் அதனை 3.587 மடங்காக்குகின்றது, பின் அச்சு மேலும் 4.3 மடங்காக்குகின்றது. ஆக 230 சொச்சம். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு தண்டு அதில் பாதிக்குமேல் காண்பதே இல்லை. பூட்டிய அச்சிலோ, இறுகிய தட்டு வகையிலோ, முழுவதும் ஒரே தண்டின்மேல் விழலாம். அதாவது, எல்.எஸ்.டி. வழுக்கலைப் போக்கும்போது முறிவை வேறிடத்துக்கு மாற்றுகின்றது. கே.இ.70இன் சிறிய பற்சக்கரமும் மெல்லிய தண்டும் இதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. ஏ.இ.86இன் பின் அச்சை உறையோடு முழுமையாக மாற்றுவதே முறை. அகலத்தையும் இணைப்புக் கைகளையும் அளந்த பின்னரே பணத்தைக் கொடுக்கவேண்டும்.

இங்கே லாரிக்கும் காருக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். கனரக லாரியில் வண்டியின் பாரத்தை உறையே தாங்குகின்றது. தண்டு திருப்புவதோடு சரி. தண்டு முறிந்தாலும் சக்கரம் தன்னிடத்தில் நிற்கும். காரிலோ பாரமும் தண்டின்மேலேயே. வெளிமுனையில் முறிந்தால் சக்கரம் கழன்று ஓடிவிடும். ஆதலின் பழைய தண்டின் பற்கள் முறுக்கிக் காணப்பட்டால், இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்று எண்ணுதல் கூடாது.

உறை வளையாதிருக்கச் சிலர் அதன்மேல் இரும்புப் பட்டை பற்றவைக்கின்றனர். நல்லதே, ஆனால் ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் உறையே கோணிவிடும், பேரிங்குகள் நேர்க்கோட்டில் நில்லா. உறையைச் சட்டத்தில் இறுக்கி, சிறிது சிறிதாக, பக்கம் மாற்றிச் செய்யவேண்டும். உறையின் மேலுள்ள மூச்சுத் துளையையும் பார்ப்பது நன்று. தோட்டத்துச் செம்மண் அதனை அடைத்துவிட்டால், உள்ளே சூடேறிய காற்று எண்ணெயை ஓரத்து அடைப்பான்கள் வழியே பிதுக்கித் தள்ளும். அவ்வெண்ணெய் சென்று சேருமிடம் பின் சக்கரத்துப் பிரேக்.