புற்று நோயாளர் பிழைத்திருக்கும் விகிதம்

மும்பை மாநகரின் வடகிழக்குப் பகுதியில், மத்திய ரயில்வே மார்க்கத்தில், பாண்டுப் என்னும் புறநகர் அமைந்துள்ளது. ரயில் நிலையத்திற்கு மேற்கே குன்றுச் சரிவில் அடுக்கடுக்காக ஏறிச் செல்லும் குடியிருப்புகளில் மராத்தியருடன் தமிழரும் வட இந்தியரும் வாழ்கின்றனர். வீடு மாறிக்கொண்டேயிருப்போரும், நோயுற்றபோது சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவோரும் இவர்களிடையே உண்டு. நாடுகளின் புற்று நோய்ச் சிகிச்சையை ஒப்பிடும் அட்டவணைகளுக்கும் இக்குன்றுச் சரிவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுகள் கழிந்த பின் நூற்றுக்கு எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பதே இவ்வட்டவணைகளின் அடிப்படைக் கணக்கு. பிற காரணங்களால் நேரும் மரணங்களுக்கும் வயது வேற்றுமைக்கும் ஏற்ப அது திருத்தப்படுகிறது. லண்டனிலிருந்து நடத்தப்பெறும் ‘கன்கார்ட்’ ஆராய்ச்சியின் மூன்றாம் அறிக்கை 2018இல் வெளிவந்தது. அதில் 71 நாடுகளைச் சேர்ந்த 3¾ கோடி நோயாளரின் விவரங்கள் ஆராயப்பட்டன. 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்று நோய் கண்டறியப்பட்டோருள் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் அமெரிக்காவில் சுமார் 90 சதவீதம்; இந்தியாவில் 66 சதவீதம். இந்தியக் கணக்கோ, மக்களில் மிகச் சிறு பகுதியினரையே உள்ளடக்கும் சில பதிவகங்களைக் கொண்டது.

இவ்வேற்றுமையில் பெரும்பகுதி மெய்யானதே. நம் நாட்டுப் பெண்களுள் பலர் கட்டி முற்றிய நிலையிலேயே மருத்துவமனையை அடைகின்றனர். ஆயினும் பிழைப்பு விகிதம் உயர்ந்திருப்பதை மட்டும் கொண்டு ஒரு நாட்டின் மருத்துவ ஏற்பாட்டைப் புகழ்வது தவறாகலாம். 2007இல் நியூயார்க் நகரின் முன்னாள் மேயர் ரூடி ஜியூலியானி, புராஸ்டேட் சுரப்பிப் புற்று நோயில் பிழைக்கும் வாய்ப்பு அமெரிக்காவில் 82 சதவீதம், அரசினர் மருத்துவ சேவையுள்ள இங்கிலாந்தில் 44 சதவீதமே என்று தேர்தல் விளம்பரத்தில் கூறினார். ஆனால் அந்நோயால் மக்கள் இறக்கும் வீதம் இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அமெரிக்காவில் இரத்தச் சோதனை பரவலாகச் செய்யப்பட்டமையால் நோய் முன்கூட்டியே வெளிப்பட்டது. 72 வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு 69இல் நோய் தெரிந்தால் அவர் ஐந்தாண்டு பிழைக்காதவர். 64இல் தெரிந்தால் பிழைத்தவர். ஆயுள் ஒரு நாளும் நீளவில்லை.

இனி, இறந்தவர் யாரென அறிவது மற்றொரு சிக்கல். டென்மார்க்கில் 1942 முதல் நாடு முழுவதற்குமான புற்று நோய்ப் பதிவேடு உண்டு. 1968 முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் எண் அளிக்கப்பட்டிருப்பதால் மரணப் பதிவை உடனே ஒப்பிட்டறியலாம். பம்பாயில் இந்தியப் புற்று நோய்ச் சங்கம் 1963இல் நிறுவிய பதிவகம், நம் நாட்டில் குறிப்பிட்ட மக்கட்பகுதி முழுவதற்கும் ஏற்பட்ட முதற்பதிவகமாகும். அதன் ஊழியர் மருத்துவமனைதோறும் சென்று ஏடுகளைப் பார்த்து எழுதியே விவரம் திரட்டினர். மாநகராட்சியின் மரணப் பதிவுகளுடன் பெயர்களை ஒப்பிட்டனர். விவரம் கிட்டாதவர்களுக்குக் கடிதம் எழுதினர். வீடு தேடியும் சென்றனர். பாண்டுப்பில் நோயுற்றுத் திருநெல்வேலிச் சிற்றூரில் இறப்பவரின் பெயர் மும்பை மரணப் பதிவில் ஏறாது. அவரை உயிருடன் இருப்பவராகக் கொண்டால் விகிதம் பொய்யாக உயரும். ‘தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம்’ என்பதே முகவரியாயின், அவர் குடும்பத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

ஆகவே, பிழைப்பு விகிதத்தைவிட மக்களிடையே நிகழும் மரணங்களையே எண்ணுதல் நம்பத்தக்கது. பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆராய்ச்சி அத்தகையது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். பத்தாம் வகுப்பு வரை படித்து, நான்கு வாரம் பயிற்சி பெற்ற பெண்களே கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிச் சோதித்தனர். சமையலுக்குப் பயன்படும் வினிகரில் உள்ளதும் இவ்வமிலமே. சோதனை பெறாத தொகுதிப் பெண்களையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று விசாரித்தனர். அவர்களுக்குச் சோதனை அளிக்காமை பிற்காலத்தில் கண்டனத்திற்குள்ளாயிற்று. அக்கண்டனம் புறக்கணிக்கத் தக்கதன்று. 12 ஆண்டுகளின் முடிவில், சோதனை பெற்ற தொகுதியில் கருப்பை வாய்ப் புற்று நோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்திருந்தன. கையால் தடவிப் பார்க்கும் மார்பகச் சோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. அதில் தெளிவான பயன் கண்டது 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மட்டுமே.