பார்மட் போடும் முன் ஒரு பென்டிரைவ்

“விண்டோஸ் போயிடுச்சுங்க, பார்மட் போட்டுடலாம்.”

கள்ளக்குறிச்சியில் பூட் ஆகாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடை ஏறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கி வந்தவருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். “சரி, போடுங்க” என்கிறார். வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டுக் கொடுத்த மனுவின் ஸ்கேன், மகளின் சாதிச் சான்றிதழ், இறந்துபோன தகப்பனாரின் படம் எல்லாம் அந்த ஒரு ‘சரி’யோடு போய்விடுகின்றன. நம்மில் பலர் கோப்புகளை டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைக்கிறோம். அது இருப்பது சி டிரைவில். பார்மட்டில் முதலில் அழிவதும் சி டிரைவ்தான்.

அழிய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கணினி பூட் ஆகவில்லை என்றால் பல நேரங்களில் கெட்டுப்போனது விண்டோஸை எழுப்பும் சில கோப்புகள் மட்டுமே. அடிக்கடி கரண்ட் போய் வரும் இடத்தில், பேட்டரி செத்த லேப்டாப்புக்கு இது சுலபமாக நேரும். நம் கோப்புகள் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். அவற்றைத் திறக்க வேறொரு இயங்குதளம் வேண்டும், அவ்வளவுதான். லைவ் டிஸ்க் செய்வது அதைத்தான். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல், சிடியிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ ராமில் ஏறி ஓடும். 2000-ல் ஜெர்மனியில் வெளியான நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. இன்று சிஸ்டம்ரெஸ்க்யூ, உபுண்டு என்று இலவசமாகவே பல கிடைக்கின்றன.

லைவ் டிஸ்க் ஏற்றிய பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய கையோடு எஃப்12 விசையைத் தட்ட வேண்டும். சில மாடல்களில் அது எஃப்9 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் லினக்ஸ் திரை வந்துவிடும். உள்ளே இருக்கும் விண்டோஸ் டிஸ்க்கைப் ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் திறந்து, வேண்டியதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். விண்டோஸ் அரைகுறையாக அணைந்திருந்தால் எழுதும் நிலையில் திறப்பது ஆபத்து. ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது இயந்திரக் கோளாறு. அதற்கு ஆய்வக வசதி உள்ளவர்கள்தான் வேண்டும். சத்தம் இல்லாமல் படிப்பதில் மட்டும் திணறுகிற டிஸ்க் என்றால் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு முழு டிஸ்க்கையும் நகலெடுத்து, மற்ற வேலைகளை நகலில் பார்ப்பதே முறை. அந்த நிலையில் விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டுவது இருக்கிற உயிரையும் வாங்கிவிடும்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் படுத்தாலும் பாஸுக்குள் போய்க் கோப்புகளை எடுத்திருக்கலாம். மீட்பு வழி பெட்டிக்குள்ளேயே இருந்தது! அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், இடத்தை அடைக்கிறது என்று பலர் அழித்தே விட்டார்கள்.

நகலெடுக்க நேரமாகும், வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார் என்பது கடைக்காரர்கள் தரப்பு. உண்மைதான். ஆனால் சில நேரங்களில் பார்மட்டே தேவையில்லை. 2024 ஜூலை 19-ல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, அவற்றை எழுப்ப பார்மட் தேவைப்படவில்லை. மீட்புத் திரைக்குள் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கியதே போதுமாக இருந்தது.

எனக்குள்ள பெரிய பயம் இனி வரப்போவதைப் பற்றியது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் பார்மட்டுக்குப் பிறகும் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டுத் துழாவினால் சில படங்களாவது தேறும். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. அழிந்த இடத்தை அது தானே துடைத்துவிடுகிறது. போதாததற்கு, புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. 48 இலக்க மீட்புச் சாவி கையில் இல்லாவிட்டால் லைவ் டிஸ்க் போட்டும் உள்ளே நுழைய முடியாது. கல்வராயன் மலையில் முதன்முதலாக லேப்டாப் வாங்கும் குடும்பத்துக்கு இதை யார் சொல்வார்கள்?

லேப்டாப் நன்றாக ஓடும்போதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள். மலையில் சிக்னல் கிடைப்பது கஷ்டம் என்பதால், கள்ளக்குறிச்சிக்கு வரும்போதே சிஸ்டம்ரெஸ்க்யூவை இறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். சுமார் ஒரு ஜிபிதான். கடையில் லேப்டாப்பைக் கொடுக்கும்போது “முதல்ல டேட்டாவை எடுத்துக் கொடுங்க, அப்புறம் ஓ.எஸ். போடுங்க” என்று சொல்லி, பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள்.