சொந்த வீடும் இரு அரசாங்கங்களும்

வேலை முடிந்தால் தோட்ட வீட்டையும் விட்டுச் செல்ல வேண்டுமே என்னும் கவலையைச் சுங்கை செம்பிலாங் வட்டாரத் தொழிலாளர் நன்கறிவர்.

மலிவு விலை வீடுகளுக்குக் கூட்டரசு நிதி வழங்குகிறது. ஆயினும், அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. எனவே, நிதியையும் நிலத்தையும் ஒன்றுசேர்ப்பது மாநில வீடமைப்பு வாரியத்தின் கடமையாகிறது. மனை உறுதியாகி, பயனீட்டாளர் பட்டியல் சரிபார்க்கப்பட வேண்டும். கட்டுமானம் நிறைவேறிய அளவிற்கேற்பவே குத்தகையாளருக்குப் பணம் தவணைகளாகத் தரப்படும்.

பெஸ்தாரி ஜெயா பகுதியில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் நெடுங்காலம் காத்திருந்தன. 2023-ஆம் ஆண்டில் அவர்களின் வீடமைப்புக்குக் கூட்டரசு 4 கோடி வெள்ளி ஒதுக்கியது. சிலாங்கூர் அரசும் தன் பங்கை ஏற்றது. 20 ஏக்கர் நிலத்தைத் தனியார் நிறுவனம் அளித்தது.

பட்டியலில் பெயர் விடுபட்டால் வீடும் கைநழுவும். ஆகவே, அடையாள அட்டை, வேலைச் சான்று, ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பீர்களாக.