அருவிக்கு மேலும் கீழும்

ஆனி மாதத்தில் ஒருநாள் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் நின்று மேற்கே பாருங்கள். மலையின் தலை தெரியாது, மேகம் மூடியிருக்கும். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடிக்கும். அப்படியிருந்தும் முகத்தில் பூந்தூறல் விழும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அறிவிப்பு வேண்டியதில்லை. (பறவைகள் இடம்பெயர்ந்து செல்வதை வலசை என்கிறோம். சீசனுக்கு வந்து திரும்பும் லட்சக்கணக்கான மக்களையும் ஒருவகை வலசை என்றே சொல்லத் தோன்றுகிறது.)

வெயிலில் தூறல் எப்படி வந்தது? அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, பெரும்பகுதி நீரைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று வறண்டது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில், மலைத்தொடர் தாழ்ந்திருக்கிறது. அந்த வாசல் வழியே காற்று ஈரம் வற்றாமலே நுழைந்துவிடுகிறது. அது உதறிவிட்டுப் போகும் நுண்துளிகளே சாரல்.

சாரல் மட்டும் அருவியை ஓட்டிவிடாது. அருவிக்கு நீர் தருவது மலைமேல் பெய்யும் மழையும் அதைப் பிடித்துவைக்கும் காடும்தான். பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி. அதற்கும் மேலே தேனருவி. சுற்றிலும் அடர்ந்த காடு. மரங்களின் கீழே மக்கிய சருகும், வேர்கள் துளைத்த மண்ணும் பஞ்சுபோல நீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. காடு இல்லாவிட்டால் மழை பெய்த சில மணி நேரம் வெள்ளம், பிறகு வெறும் பாறை. மேலேறிப் பார்க்கும் ஆசை நியாயமானதே. ஆனால் அங்கே வனத்துறை விதிக்கும் கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று எண்ணாதீர்கள். கூட்டம் மிதித்து இறுகிய மண் நீரை உறிஞ்சாது.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர், காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் தலையைத் தாக்கும். நாம் எப்படிக் குளிக்கிறோம்? நடுவழியில் பாறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பொங்குமாகடல் என்பது அதன் பெயர். நீர் அதில் விழுந்து, கொந்தளித்து, வேகம் தணிந்த பிறகே வழிகிறது. மிகுந்த வெள்ளத்தின்போது இந்த ஏற்பாடு போதாது. நீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அருவியின் கீழே நிற்பவர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து, மழை இல்லை என்கிறார். மழையோ மலை உச்சியில் பெய்கிறது. செங்குத்தான பாறைச் சரிவில் அந்த நீர் இறங்கி வர அதிக நேரம் வேண்டாம். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்னரே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே வெளியேறுங்கள். துண்டையும் செருப்பையும் தேடாதீர்கள்.

இனி அருவிக்குக் கீழே வருவோம். உங்கள் உடம்பில் பட்ட நீர் எங்கே போகிறது? சிற்றாறாக ஓடித் தென்காசியைக் கடந்து, அணைக்கட்டுகளில் தேங்கி, குளங்களையும் வயல்களையும் நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. ஒருவர் தேய்க்கும் எண்ணெயும் சோப்பும் அற்பம்தான். சீசன் நாளில் குளிப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் நீரில் காற்று கரைவதைத் தடுக்கும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, மீன்களின் செவுள்களைக் கெடுக்கும். எனவேதான் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தடைசெய்யப்பட்டன. சோப்பு இல்லாமல் குளித்தால் அழுக்குப் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அருவியின் அடியைவிடவா சோப்பு தேய்க்கும்?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆற்றின் அழகைக் காண 1770-ல் படகில் சென்ற வில்லியம் கில்பின் எழுதிய நூல் 1782-ல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போனார்கள். இன்று அதே ஆற்றில், கரையோரக் கோழிப்பண்ணைகளின் எரு உள்ளிட்ட கழிவுகளிலிருந்து சேரும் பாஸ்பேட் பாசியை வளர்த்து நீரைக் கெடுக்கிறது.

குற்றாலத்தில் வேறொரு புதுமையும் புகுந்தது. சில தனியார் விடுதிகள் இயற்கை நீரோடைகளைத் திருப்பித் தங்களுக்கென்று செயற்கை அருவிகள் அமைத்துக்கொண்டன. 2022-ல் மதுரைக் கிளை இதற்கு எதிராக ஆணையிட்டது. மலையில் பெய்யும் மழை கூடவில்லை. ஒரு விடுதியின் சுவருக்குள் விழும் நீர், சிற்றாற்றில் குறைந்த நீர்தான். அடுத்த முறை அறை எடுக்கும்போது அங்கே தனி அருவி உண்டு என்று சொன்னால், அந்த நீர் எந்த ஓடையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.