பண்டிகை விருந்துக்கு ரோஸ்ட்: தேர்வும் நேரக்கணக்கும்

பெங்களூரின் கண்டோன்மென்ட் பகுதி 1809ஆம் ஆண்டில் படைமுகாமாக உருவானது. சென்னை மாகாணப் படையோடு வந்த தமிழர்கள் சிப்பாய்களாகவும் தொழிலாளர்களாகவும் வணிகர்களாகவும் அங்கே குடியேறினர். இன்றைய சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன் ஆகிய பகுதிகளில் தமிழ் ஒலிப்பதற்கு அதுவே தொடக்கம். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் விருந்து முறைகள் காலப்போக்கில் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைக்கும் வந்து சேர்ந்தன. கிறிஸ்துமஸ் நாளில் பிரியாணிக்குப் பக்கத்தில் ரோஸ்டும் இடம்பெறும் வீடுகள் இந்நகரில் இன்றும் பல உண்டு.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே செய்யப்படும் உணவு இது. கைப்பழக்கம் ஏற்பட வாய்ப்பில்லை. ஆனால் செலவோ பெரிது. முழுத் தொடை ஒன்றை வாங்கிச் சமைத்து, அது மெல்ல முடியாதபடி கடினமாகிவிட்டால் பணம் வீணாவதோடு, பந்தியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் தட்டில் அது தொடப்படாமலே கிடக்கும். ரோஸ்ட் கெடுவதற்குப் பெரும்பாலும் மசாலா காரணமன்று. இறைச்சியின் தன்மை, வீட்டிலுள்ள அடுப்பு, கையிலுள்ள நேரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதே காரணம். இம்மூன்றையும் பொருத்தும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தப் பகுதியை வாங்குவது?

சிவாஜிநகரில் 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட ரசல் மார்க்கெட்டும், ரிச்மண்ட் டவுனில் 1929இல் தோன்றிய ஜான்சன் மார்க்கெட்டும் இந்நகரின் பழைய இறைச்சிச் சந்தைகளுள் குறிப்பிடத்தக்கவை. அங்கே ஆனாலும் தெருமுனைக் கடையிலே ஆனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது வெள்ளாடா, செம்மறியா? கடைகளில் இரண்டும் மட்டன் என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் அடுப்பில் இரண்டின் போக்கும் வேறு.

வெள்ளாட்டில் கொழுப்புக் குறைவு. நீரின்றி வெறும் சூட்டில் வாட்டினால் விரைவில் வறண்டுவிடும். செம்மறியில், குறிப்பாக மைசூரு, மாண்டியா வட்டாரத்தில் பெயர்பெற்ற பன்னூர் இனத்தில், தசைமீது கொழுப்புப் படர்ந்திருக்கும். அக்கொழுப்பு உருகி இறைச்சியை ஈரமாக வைத்திருக்கும். ஆகவே அவனில் வாட்ட விரும்புவோர் செம்மறித் தொடையையும், பாத்திரத்தில் மூடி வேகவைக்க விரும்புவோர் இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம்.

வயதும் முக்கியம். இளம் ஆட்டின் தசை வெளிர் சிவப்பாகவும், கொழுப்பு வெண்மையாகவும் கெட்டியாகவும், எலும்பு மெல்லியதாகவும் இருக்கும். தசை கருஞ்சிவப்பாகி, கொழுப்பு மஞ்சளித்திருந்தால் வயது முதிர்ந்த ஆடு என்று கொள்ளலாம். அதை வாங்கக்கூடாது என்பதில்லை. வேகும் நேரம் கூடும், அவ்வளவே.

பின்னந்தொடை பார்வைக்கு அழகு, துண்டு போடவும் எளிது. முன்னந்தொடையில் சவ்வும் நாரும் அதிகம். எனினும் மெதுவாக வெந்தால் அந்தச் சவ்வே உருகிப் பிசுபிசுப்பான சாறாக மாறி மிகுந்த சுவையைத் தரும். பல் வலுவிழந்த முதியவர்கள் பந்தியில் இருந்தால், நெடுநேரம் வெந்த முன்னந்தொடை அவர்களுக்கு உகந்தது.

கோழி ரோஸ்ட் செய்ய விரும்புவோர் ஒன்றை மறவாமல் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்: தோலை உரிக்க வேண்டாம். நம் கடைகளில் தோலை நீக்குவதே வழக்கம். தோல் இல்லாத கோழி அவனில் காய்ந்து நாராகிவிடும். நாட்டுக்கோழியின் தசை இறுகியது. அது மூடிய பாத்திரத்துக்கே ஏற்றது.

எவ்வளவு வாங்குவது?

எலும்போடு கூடிய தொடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எலும்பு. வேகும்போது தசையின் எடையில் மேலும் மூன்றில் ஒரு பங்குவரை நீராகவும் கொழுப்பாகவும் வெளியேறும். எனவே இரண்டு கிலோ தொடையை வாங்கினால், எலும்பு போக ஒன்றரைக் கிலோ. வெந்தபின் உண்ணக் கிடைப்பது சுமார் ஒரு கிலோ. பிற உணவுகளும் உள்ள விருந்தில் ஒருவருக்கு 125 கிராம் என்று கொண்டால் அது எட்டுப் பேருக்குப் போதும். பன்னிரண்டு பேர் என்றால் மூன்று கிலோ தேவை. அப்போது ஒரே பெரிய தொடையைத் தேடுவதைவிட, ஒன்றரைக் கிலோவில் இரண்டு தொடைகள் வாங்குவது நல்லது. சிறிய தொடை பெரும்பாலும் இளம் ஆட்டினது, சீக்கிரமும் வேகும்.

பண்டிகைக்கு முந்திய நாளில் கூட்டமும் விலையும் ஏறுவது வழக்கம். மூன்று நான்கு நாள்களுக்கு முன்பே சொல்லிவைப்பதும், கழிவு நீக்கிய பின்னர் எடைபோட்டு ரசீது பெறுவதும் நலம். பொட்டலமிட்ட இறைச்சி வாங்குவோர் அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் பொட்டலமிட்ட நாளும் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்குப் புறப்படும் முன் வீட்டு அவனின் உள்நீளத்தை அளந்து செல்லுங்கள். சிறிய அவனில் முழுத் தொடை நுழையாது. கணுக்காலெலும்பைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லலாம்.

உப்பும் ஊறலும்

ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டித் தூள் உப்பை முந்திய இரவே இறைச்சியெங்கும் தேய்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே மிகப் பயனுள்ள முன்தயாரிப்பு. உப்பு மெல்ல உட்புகுந்து, தசை தன் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள உதவுகிறது. இஞ்சி, பூண்டு, மிளகு, பட்டை, கிராம்பு ஆகியவற்றின் விழுது மேற்பரப்பில்தான் தங்கும். அது உள்ளே செல்ல வேண்டுமானால் கத்தி நுனியால் ஆழமாகக் கீறிவிட வேண்டும்.

பச்சைப் பப்பாளி விழுதைப் பலர் பயன்படுத்துகின்றனர். அதிலுள்ள பப்பாயின் என்னும் நொதி புரதத்தைச் சிதைக்கிறது. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மணி நேரம் என்பது போதுமான அளவு. இரவு முழுதும் ஊறவிட்டால் மேற்பகுதி மாவுபோலக் குழைந்துவிடும். உட்பகுதியோ அப்படியே இருக்கும். தயிர் அத்தனை வேகமாகச் செயல்படுவதில்லை. அதில் இரவு முழுதும் ஊறலாம்.

வெப்பம் என்ன செய்கிறது?

ஆட்டுத் தொடை மென்மையாவது அதிலுள்ள கொலாஜன் என்னும் இணைப்புப் பொருள் கரைவதால்தான். இறைச்சியின் உட்பகுதி 70 டிகிரி செல்சியசைத் தாண்டிய பிறகே அது நன்கு கரையத் தொடங்கும். 85 முதல் 90 டிகிரிவரை சென்று அங்கே சிறிது நேரம் நிலைத்தால் கறி எலும்பை விட்டுத் தானே பிரியும். இதை அவசரப்படுத்த இயலாது. தீயைக் கூட்டினால் வெளிப்புறம் கருகும். உள்ளே இறுக்கம் மாறாது. மேற்பரப்பு பொன்னிறமாகி மணம் பெறுவதற்கோ 140 டிகிரிக்கு மேல் உலர்ந்த வெப்பம் தேவை. ஈரம் இருக்கும்வரை அந்நிறம் வராது. ஆகவே எல்லா ரோஸ்ட் முறைகளுக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு: மென்மைக்கு மூடிய, மிதமான சூடு, நிறத்துக்குத் திறந்த, கடும் சூடு.

இங்கே பெங்களூருக்கே உரிய ஒரு செய்தி உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் வழக்கமாக வேகும் நேரத்தைவிட, பாத்திரத்தில் வேகும் கறிக்கு இங்கே சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். குக்கரில் வெப்பம் 120 டிகிரியை ஒட்டிச் செல்வதால் இவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

மூன்று வழிகள்

அவன் உள்ளவர்கள்: இரண்டு கிலோ தொடையை வெங்காயத் துண்டுகள் பரப்பிய தட்டில் வைத்து, அரைக் குவளை நீர் ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 150 டிகிரியில் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன் உருளைக்கிழங்கைச் சேர்க்கலாம். பின்பு தாளை நீக்கி 220 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால் நிறம் வரும். 1,800 வாட் அவன் தொடர்ந்து இயங்கினாலும் மூன்றரை மணி நேரத்துக்கு 6.3 யூனிட் மின்சாரமே ஆகும். சூடு நிலைத்தபின் அது விட்டுவிட்டு இயங்குவதால் உண்மைச் செலவு இன்னும் குறைவு.

கனமான பாத்திரம் மட்டும் உள்ளவர்கள்: ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பாட் ரோஸ்ட் எனப்படும் முறை இதுவே. எண்ணெயிலோ நெய்யிலோ முழு மிளகு, பட்டை, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைத் தாளித்து, இறைச்சியை எல்லாப் பக்கமும் சிவக்க வதக்கி, ஒரு கரண்டி வினிகரும் இரண்டு குவளை நீரும் சேர்த்து மூடிச் சிறுதீயில் இரண்டரை மணி நேரம் வேகவிட வேண்டும். இறுதியில் மூடியைத் திறந்து நீரை வற்றவிட்டு, எஞ்சிய கொழுப்பிலேயே கறியையும் உருளைக்கிழங்கையும் புரட்டி எடுக்க வேண்டும்.

நேரம் குறைந்தவர்கள்: தொடையை மூட்டில் பிரித்துக் குக்கரில் இட்டு, முதல் விசில் வந்தபின் சிறுதீயில் முப்பது நிமிடம் வைத்து, ஆவி தானே அடங்கியபின் எடுத்து, அகன்ற வாணலியில் வாட்டலாம். நீராவியைப் பலவந்தமாக வெளியேற்றினால் கறியின் சாறும் உடன் வெளியேறிவிடும்.

தோலுள்ள ஒன்றரைக் கிலோ கோழி 200 டிகிரியில் ஒன்று முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிடும். அதன் தொடையின் உட்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். இறைச்சி வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் ஐயமே எழாது. இல்லையெனில் தொடையில் கம்பியைக் குத்திப் பார்க்கலாம். வழியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். ஆட்டிறைச்சியில் கம்பி தடையின்றி இறங்க வேண்டும்.

பாதுகாப்பு

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். டிசம்பர் இரவின் குளிரை நம்பி இறைச்சியைச் சமையல் மேடையிலேயே விட்டுவைப்போர் உண்டு. பெங்களூரின் குளிர்கால இரவு சுமார் 15 டிகிரி. நமக்கு அது குளிர், கிருமிகளுக்கு அது தடையில்லை. உறைந்த இறைச்சியையும் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தே உருக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு முழுமையாக ஒரு நாள் பிடிக்கும். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமிகள் சுற்றிலும் தெறிக்கும். காகிதத் துண்டால் ஒற்றி எடுப்பதே போதும். பந்தியில் சைவ உணவினர் இருந்தால் அவர்களுக்கெனத் தனிக் கத்தியும் பலகையும் தட்டும் ஒதுக்குவது பண்பும் பாதுகாப்பும் ஆகும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரூட்டி, மறுநாள் ஆவி பறக்கச் சுடவைத்து உண்ணலாம்.

பின்னிருந்து எண்ணும் கணக்கு

பகல் ஒரு மணிக்கு விருந்து என்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 12.35க்கு இறைச்சி அடுப்பிலிருந்து இறங்கி, தளர்வாக மூடப்பட்டு, 25 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். உடனே வெட்டினால் சாறு முழுதும் பலகையில் ஓடிவிடும். 12.15க்குத் தாளை நீக்க வேண்டும். 9.15க்கு அவனில் வைக்க வேண்டும். முந்திய நாள் மாலை, நள்ளிரவு ஆராதனைக்குப் புறப்படும் முன்பே, உப்புத் தேய்க்கும் வேலை முடிந்திருக்க வேண்டும். எதிர்பாராமல் மின்சாரம் நின்றுபோனால், அதே தட்டிலுள்ளதைக் கனமான பாத்திரத்துக்கு மாற்றி எரிவாயு அடுப்பில் தொடரலாம்; வீட்டு இன்வெர்ட்டர் அவனைத் தாங்காது.

ஓய்வு நேரத்தில் தட்டில் தேங்கிய சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, எஞ்சியதைச் சிறிது நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் குழம்பு தயார். கறியை நாரின் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள். நீளவாக்கில் வெட்டினால் நன்கு வெந்த கறியும் கடினமாகத் தோன்றும். எலும்பை எறிய வேண்டாம். மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு வைத்தால், விருந்தினர் விடைபெற்ற மறுநாள் இரவுக்கு அது நல்ல ரசமாகும்.