பழைய கணினியில் லினக்ஸ்: சந்தேகங்களும் விளக்கங்களும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இதனால் நன்றாக ஓடும் கணினிகளையும் பலர் கழித்துக்கட்ட நினைக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும்.

என் கணினிக்கு லினக்ஸ் ஒத்துவருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. லினக்ஸ் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப் என நிறுவனத்துக்கேற்ற விசையை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நீங்களாக நிறுவச் சொல்லாதவரை ஹார்டு டிஸ்க்கில் இருப்பவை அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட் எல்லாவற்றையும் சோதியுங்கள். மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள். பலரும் விட்டுவிடும் சோதனை இது.

4 ஜிபி ராம் போதுமா?

போதும். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி, சிரமமில்லாமல் ஓட 4 ஜிபி. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்கே தெரியும்.

வைஃபை வேலை செய்யாது என்கிறார்களே?

எல்லாக் கணினியிலும் அப்படியில்லை. டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. இன்டெல் வைஃபை அநேகமாக உடனே இயங்கும். சில பிராட்காம் சிப்புகளுக்கு மட்டும் மூலநிரல் திறக்கப்படாத டிரைவர் தனியாகத் தேவைப்படும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! வழி எளிது: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, 'யுஎஸ்பி டெதரிங்'கை இயக்குங்கள். பிறகு மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், வேண்டியதை அதுவே காட்டும். என்விடியா கிராபிக்ஸ் டிரைவரும் அங்கேயே கிடைக்கும். கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையில் விடாப்பிடியாக இருந்த டெபியன் என்ற லினக்ஸ் வகைகூட, 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய சாதனங்களுக்கான ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துவிட்டது. சாதாரணப் பயனரின் பக்கம் நின்று எடுத்த சரியான முடிவு அது.

பிரின்டர்?

எச்பி பிரின்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் மென்பொருள் தருகிறது. ஏர்பிரின்ட் வசதியுள்ள புதிய பிரின்டர்களுக்கு டிரைவரே வேண்டியதில்லை. நம் ஊர்க் கடைகளில் பரவலாக உள்ள கேனான் எல்பிபி 2900 மட்டும் மல்லுக்கட்ட வைக்கும். அதை நம்பித் தொழில் செய்பவர்கள் முழுதாக மாறுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நிறுவும்போது ஹார்டு டிஸ்க்கே தெரியவில்லை. ஏன்?

பயாஸில் டிஸ்க் 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்டு' முறையில் இருக்கலாம். 'ஏஎச்சிஐ'க்கு மாற்றினால் பெரும்பாலும் தெரியும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் திறக்காமல் போகக்கூடும். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் விவரம் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வைப்பது அவசியம்.

டேலி ஓடுமா? தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. கணக்கு வேலைக்கு அதுதான் வேண்டும் என்றால் விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸை நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிறுவியில் 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று வரும் தேர்வு, குடும்பப் புகைப்படம் முதல் பிள்ளைகளின் சான்றிதழ் நகல் வரை எதையும் விட்டுவைக்காது. அந்தப் பொத்தானைத் தொடும் முன் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்துவிடுங்கள்.